கணினி நெட்வொர்க்கிலிருந்து காட்டு வேர் வரை: பிள்ளைகளுக்கு எங்கே தொடங்குவது?

பாயான் கேபிள் எழுதியது:

வணக்கம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பிரிவில் வேலை செய்கிறேன். சுவிட்ச் மாற்றுவது, கேபிள் இழுப்பது, இரவில் லைன் விழுந்தால் போய் நிற்பது, இதுதான் வேலை. வீடு பட்டர்வொர்த் பக்கம். எங்கள் தாமான் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் படிவம் 2, 3, 4 பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லித் தர முடியுமா என்று கேட்டார்கள். பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள், நன்றாகத் தமிழ் பேசுவார்கள், ஆனால் அறிவியலைத் தமிழில் பேசும் வாய்ப்பு ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டது. சரி, செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது நெட்வொர்க், அதனால் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஆனால் நான் படித்த வரிசையிலேயே ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், ஏழு அடுக்கு என்று போனால் பிள்ளைகள் சீக்கிரமே வராமல் நின்றுவிடுவார்கள் என்று தோன்றுகிறது. அப்புறம் இன்னொன்று. ஒரு பிள்ளை கேட்டாள், காட்டில் மரங்களெல்லாம் வேருக்கடியில் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்கின்றனவாமே, அதுவும் இண்டர்நெட் மாதிரித்தானா அண்ணா என்று. என்னிடம் பதில் இல்லை, ஆனால் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. கம்ப்யூட்டர், ரயில், எறும்பு, மூளை, காடு எல்லாவற்றையும் ஒரே பாடமாகக் கொண்டுபோக முடியுமா, இல்லை பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்பதோடு நின்றுவிடுமா? எல்லாவற்றுக்கும் பொதுவான விதி என்று ஏதாவது உண்மையிலேயே உண்டா?

கையில் இருப்பது இரண்டு பழைய லேப்டாப், ஒரு பழைய சுவிட்ச், வெள்ளைப் பலகை, மண்டபத்து வைஃபை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செந்தூல் லைன்மேன் எழுதியது:

தம்பி, நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். நான் தொலைத்தொடர்பில் இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சப்நெட் மாஸ்க் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். லேப்டாப்பில் கருப்புத் திரையைத் திறந்து டிரேசர்ட் கட்டளையைப் போட்டுக் காட்டுங்கள். போகும் வழியில் தகவலை அடுத்தடுத்துக் கைமாற்றிவிடும் ரூட்டர்கள் ஒவ்வொரு வரியாகத் திரையில் வரும், பிள்ளைகள் தானாகக் கிட்டே வந்து பார்ப்பார்கள். அது எப்படி நடக்கிறது என்பதையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். தகவல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும், அந்தத் துண்டுதான் பேக்கெட். ஒவ்வொரு பேக்கெட்டிலும் ஓர் எண் இருக்கிறது, ஒரு ரூட்டரைத் தாண்டினால் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனதும் அந்த ரூட்டர் பேக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, உன்னுடையது இங்கே முடிந்தது என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். டிரேசர்ட் வேண்டுமென்றே 1, 2, 3 என்று எண் வைத்து அனுப்பி, எங்கெங்கே முடிகிறது என்று கேட்டுக் கேட்டு வழியைக் கண்டுபிடிக்கிறது. வழியில் நிற்கும் எந்த ரூட்டரிடமும் முழுப் பயணத்தின் வரைபடம் கிடையாது. இந்த முகவரிக்குப் போகிறதா, அப்படியானால் அடுத்து இவரிடம் கொடு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இது மனதில் இறங்கிவிட்டால் பாதி இண்டர்நெட் இறங்கிய மாதிரி. நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் அந்த ரூட்டர் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து ஒரு கணக்கு போடச் சொல்லுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பினாங்கிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 2,350 கிலோமீட்டர், போய்த் திரும்ப 4,700. வகுத்தால் 23, 24 மில்லிவிநாடி வரும். யார் என்ன செய்தாலும் இழை வழியாகச் சென்னை போய் இதற்கும் சீக்கிரமாகப் பதில் திரும்ப முடியாது. இப்போது சென்னையில் உள்ள ஒரு கல்லூரித் தளத்துக்கும் ஏதாவது ஒரு பெரிய தமிழ்ச் செய்தித் தளத்துக்கும் பிங் போடுங்கள், பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை அது. ஒன்றில் இதைவிடப் பல மடங்கு வந்தால், பேக்கெட் சுற்றிப் போகிறது அல்லது எங்கோ வரிசையில் நிற்கிறது. இன்னொன்றில் பத்துக்கும் குறைவாக வந்தால்? பதில் சென்னையிலிருந்து வரவே இல்லை, அதன் நகல் கேஎல்லிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்திருக்கிறது. இதை நீங்கள் சொல்லக் கூடாது, பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும், வேகக் கணக்கு பள்ளியில் படித்ததுதானே.

பினாங்குப் பிள்ளைகள் என்பதால் இதையும் சொல்லுங்கள். 1870-71 இல் மதராஸிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கேபிள் போட்டார்கள். நம் முன்னோர் கப்பலில் வந்த அதே கடல், அதே வழி. இன்றைக்கும் பினாங்கில் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள்கள் கரையேறுகின்றன, ஆழ்கடலில் அவற்றின் தடிமன் சுமார் 2 சென்டிமீட்டர்தான். 2006 டிசம்பர் 26 அன்று தைவானுக்குத் தெற்கே நிலநடுக்கம் வந்து பல கேபிள்கள் அறுந்தபோது இங்கே நமக்கும் இண்டர்நெட் நத்தை வேகத்துக்கு வந்துவிட்டது, பழுது பார்க்கப் பல வாரம் ஆனது. ஆனால் முழுசாக நின்றுவிடவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதுதான் அடுத்த பாடம்.

அங்கே பால் பேரன் வருவார். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தில் இருந்தவர். 1964 இல் அவர் வெளியிட்ட ஆய்வில் மூன்று படங்கள் உண்டு: நடுவில் ஒரே புள்ளி எல்லாவற்றையும் பிடித்திருப்பது, சில நடுப்புள்ளிகள் இருப்பது, நடு என்றே ஒன்று இல்லாமல் எல்லாரும் அக்கம்பக்கத்தோடு மட்டும் கோத்திருப்பது. மூன்றையும் பலகையில் வரைந்து, கண்ணை மூடி ஒரு புள்ளியை அழிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நான்கு இணைப்பு இருந்தாலே பெரும்பகுதி தப்பிக்கும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம், அணுகுண்டுக்குத் தப்பத்தான் இண்டர்நெட்டைக் கட்டினார்கள் என்று பலரும் சொல்வார்கள். பேரனுக்கு அந்தக் கவலை இருந்தது உண்மை. ஆனால் 1969 இல் இண்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட் கட்டப்பட்டது, பல்கலைக்கழகங்களில் இருந்த விலை கூடிய கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்தே பகிர்ந்து பயன்படுத்துவதற்கு. அந்த அக்டோபர் 29 அன்று முதல் செய்தியாக லாகின் என்று தட்டப் போய் எல், ஓ என்ற இரண்டு எழுத்து போனதும் மறுமுனை கம்ப்யூட்டர் விழுந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

---

செராஸ் கணக்கு டீச்சர் எழுதியது:

செந்தூல் ஐயா சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே காகிதத்தில் ஒரு நாள் செலவழியுங்கள். புள்ளியும் கோடும் எதைக் குறிக்கின்றன என்று முடிவு செய்யும் பழக்கம் வராமல் மேலே போனால் காடு, மூளை எல்லாம் வெறும் படமாகிவிடும்.

எல்லாரும் ஆய்லரின் ஏழு பாலத்தில் தொடங்குவார்கள், தொடங்கலாம், தப்பில்லை. கோனிக்ஸ்பெர்க் நகரில் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கடந்து நடக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று ஆய்லர் 1736 இல் நிரூபித்தார். நிலப்பகுதிகள் நான்கு, நான்கிலும் வந்து சேரும் பாலங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை, அப்படி இரண்டுக்கு மேல் இருந்தால் நடக்காது. பாலத்தின் நீளம், ஆற்றின் அகலம் எதுவும் தேவைப்படவில்லை. படிவம் 2 பிள்ளைக்கு இது தாராளமாகப் புரியும்.

ஆனால் எனக்குப் பிடித்த பயிற்சி வேறு. ஆளுக்கு ஒரு கேஎல் நகர ரயில் வரைபடம், எல்ஆர்டி, எம்ஆர்டி எல்லாம் உள்ளது, கொடுங்கள். அம்பாங்கிலிருந்து கேஎல்சிசிக்கு வழி கேளுங்கள். உடனே மஸ்ஜிட் ஜாமேக்கில் மாறு என்பார்கள். இப்போது மஸ்ஜிட் ஜாமேக்கை வரைபடத்திலிருந்தே அழித்துவிடுங்கள், அந்த நிலையத்தைத் தாண்டி எந்த ரயிலும் போகக் கூடாது. கிளானா ஜெயா லைன் இரண்டாக வெட்டுப்படும், பசார் சேனி ஒரு பக்கம், டாங் வாங்கி ஒரு பக்கம். சில பிள்ளைகள் வழியே இல்லை என்பார்கள். ஒருத்தர் மாலூரியில் எம்ஆர்டி ஏறி, டிஆர்எக்ஸில் புத்ராஜெயா லைனுக்கு மாறி, அம்பாங் பார்க் போய்த் திரும்பி வருவார். இன்னொருத்தர் ஹங் துவாவில் மோனோரயில் பிடித்து, புக்கிட் நானாஸில் இறங்கி, டாங் வாங்கிக்கு நடந்து போவேன் என்பார். அங்கேதான் சண்டை வரும்: நடந்து போவதைக் கோடாகப் போடலாமா? விட்டுவிடுங்கள், சண்டை போடட்டும். நான் வகுப்பில் செய்யும்போது இந்த வாக்குவாதத்துக்காகவே நேரம் ஒதுக்கி வைப்பேன். எது கோடு, எது கோடு இல்லை என்று முடிவு செய்வது நாம்தான், அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கே விளங்கிவிடும்.

புத்ராஜெயா லைன் முழுசாகத் திறந்தது 2023 இல். அதற்கு முந்தைய வரைபடத்தையும் ஒரு குழுவுக்குக் கொடுத்தால் ஒரு கோடு கூடியதால் எத்தனை பயணங்கள் தப்பித்தன என்று எண்ணிப் பார்க்கலாம். உங்கள் ஊர்க் கணக்கும் இருக்கிறது: தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் முதலில் ஃபெரி மட்டும், 1985 இல் பாலம், 2014 இல் இரண்டாவது பாலம். இரண்டு புள்ளி, மூன்று கோடு. பட்டர்வொர்த் பிள்ளைகளுக்கு ஒரு கோடு அடைத்தால் மற்ற இரண்டிலும் நெரிசல் எப்படி ஏறும் என்று சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை.

---

குளுகோர் வேர் எழுதியது:

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், காட்டுச் சூழலியல்தான் என் துறை.

மரத்தின் வேரோடு பூஞ்சை சேர்ந்து வாழ்வது உறுதியான உண்மை. மரம் சர்க்கரை கொடுக்கும், பூஞ்சை நீரும் பாஸ்பரஸ், நைட்ரஜன் போன்ற சத்துகளும் கொண்டுவரும். நம் மலைக்காட்டில் மெரந்தி, கெருயிங், கப்பூர், செங்கால் என்று பெரிய மரங்களெல்லாம் டிப்டெரோகார்ப் குடும்பம், அவற்றின் வேர்நுனியைப் பூஞ்சை உறை மாதிரி மூடியிருப்பதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். ஒரே பூஞ்சை இரண்டு மரங்களின் வேரைத் தொட முடியும் என்பதும் சரி. சுசான் சிமார்ட் கனடாவில் பிர்ச், டக்ளஸ் ஃபிர் நாற்றுகளுக்கு வெவ்வேறு கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது எடையை வைத்துப் பிரித்தறியக்கூடிய கார்பன் அணுக்களை, கொடுத்து, ஒன்றின் கார்பன் மற்றொன்றில் இருப்பதைக் காட்டினார், 1997 இல் அது நேச்சர் இதழில் வந்தது. நிழலில் நின்ற ஃபிர் நாற்றுக்கு அதிகம் போனது என்பதும் அதில் இருந்தது. அருமையான சோதனை.

அதற்கு அப்புறம்தான் கதை பெருத்துவிட்டது. தாய் மரம் தன் பிள்ளை மரத்தை அடையாளம் கண்டு ஊட்டுகிறது, ஆபத்து என்றால் செய்தி அனுப்புகிறது என்றெல்லாம் வீடியோக்களில் வருகிறது. 2023 இல் ஜஸ்டின் கார்ஸ்ட் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள், அவர்களும் இதே துறையில் வருடக்கணக்காக இருப்பவர்கள்தான், காட்டில் நேரடியாகச் செய்த ஆய்வுகள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சை வழியாகவே நாற்று நன்மை அடைகிறது என்பதற்கான ஆதாரம் போதாது, மண் வழியாகவும் சத்து போகலாம், தன் இனத்தைத் தேர்ந்து கொடுப்பதற்குக் களத்தில் ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். அதனால் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்: இணைப்பு இருக்கிறது, அதில் என்ன போகிறது, எவ்வளவு போகிறது, அதனால் யாருக்கு என்ன ஆகிறது என்பதில்தான் இன்னும் வேலை நடக்கிறது. கேபிள் இருக்கிறது என்பதாலேயே அதில் டேட்டா போகிறது என்று நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் இல்லையா, அளந்து பார்ப்பீர்கள். காட்டிலும் அளக்கத்தான் வேண்டும், மண்ணுக்கடியில் அளப்பது பல மடங்கு கடினம்.

காட்டை வைத்துப் பாடம் எடுக்க ஆசை இருந்தால் இதைவிட உறுதியான ஒன்று நம் கொல்லையிலேயே இருக்கிறது: டுரியான். டுரியான் பூ மாலையில் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும், அதற்குள் மகரந்தத்தைக் கொண்டுபோவது முக்கியமாக வௌவால்கள். குகையில் வாழும் சிறிய தேன் வௌவால் ஒன்று இருக்கிறது, பத்துமலைப் பக்கத்துக் குகைகளில் அதை ஆராய்ந்து 1970களிலேயே எழுதியிருக்கிறார்கள். டுரியான் வருடம் முழுவதும் பூக்காது, பெத்தாயும் அப்படித்தான். மற்ற மாதங்களில் வௌவால் என்ன சாப்பிடும்? கடலோரச் சதுப்புநிலக் காட்டில் பெரெம்பாங், பெரெபாட் மரங்கள் ஏறக்குறைய எப்போதும் பூத்துக்கொண்டிருக்கும், பத்துமலையிலிருந்து அந்தச் சிறிய பிராணி ஒரே இரவில் பல பத்துக் கிலோமீட்டர் பறந்து அங்கே போய்த் தேன் குடித்துவிட்டு வருகிறது.

இப்போது டீச்சர் சொன்ன அதே பயிற்சியைச் செய்யுங்கள். குகை ஒரு புள்ளி, சதுப்புநிலம் ஒரு புள்ளி, டுரியான் தோட்டம் ஒரு புள்ளி, வௌவால் பறக்கும் வழி கோடு. சதுப்புநிலத்தை வெட்டி இறால் குளம் ஆக்கினால் பாலிக் புலாவ் மாதிரி மலையடிவாரத் தோட்டத்துக்காரருக்கு அதில் என்ன? சுண்ணாம்புமலையை உடைத்தால்? வரைபடத்தில் தோட்டத்துக்கும் சதுப்புநிலத்துக்கும் நேர்க்கோடே கிடையாது, ஆனாலும் ஒன்று போனால் மற்றது அடிவாங்கும். இதைப் பிள்ளைகள் வரைந்து பார்க்கும்போது, காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று சுவரொட்டியில் படிப்பதைவிட ஆயிரம் மடங்கு அழுத்தமாக உள்ளே போகும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆலமரக் குடும்பத்தையும் விட்டுவிடாதீர்கள். காட்டில் மற்ற மரங்கள் பழுக்காத மாதங்களிலும் ஏதாவது ஓர் அத்தி மரம் பழுத்திருக்கும், இருவாச்சி, குரங்கு, வௌவால் எல்லாம் அதை நம்பித்தான் பஞ்சகாலத்தைக் கடக்கின்றன. பஹாங்கில் குவாலா லொம்பாட் காட்டில் ஆய்ந்து இதை 1991 இல் எழுதினார்கள். அந்த அத்திக்கோ மகரந்தம் கொண்டுவருவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்னக் குளவி, பெரும்பாலும் ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குளவி.

---

பாயான் கேபிள் எழுதியது:

அக்கா, டீச்சர், ஐயா, மூவருக்கும் நன்றி. இத்தனை விளக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. டுரியான் படம் எனக்கே புதிது.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அத்தி மரம் மாதிரி, மஸ்ஜிட் ஜாமேக் மாதிரி, சில புள்ளிகளுக்கு மட்டும் நிறைய இணைப்பு இருப்பது எல்லா நெட்வொர்க்குக்கும் பொதுவான விதி என்று எங்கோ படித்தேன். இண்டர்நெட்டும் அப்படித்தான், மூளையும் அப்படித்தான் என்றார்கள். இதைப் பிள்ளைகளிடம் விதியாகச் சொல்லலாமா? எறும்பு, சளிப் பூஞ்சை என்று ஏதோ ரயில்பாதை போடும் ஒன்று, இதெல்லாம் நிஜமா?

---

பிஜே தரவு எழுதியது:

அண்ணா, நான் கேஎல்லில் முதுகலை படிக்கிறேன், வலைப்பின்னல் தரவுதான் என் ஆய்வு, அதனால் இதில் வாய் திறக்கிறேன்.

நீங்கள் படித்தது 1999 இல் பராபாசியும் ஆல்பர்ட்டும் எழுதியதிலிருந்து வந்தது. புதிதாக வரும் புள்ளி, ஏற்கெனவே நிறைய இணைப்பு உள்ள புள்ளியோடு சேரவே அதிகம் விரும்பினால், கொஞ்ச நாளில் சில புள்ளிகள் மட்டும் பூதாகாரமாக வளரும் என்று காட்டினார்கள். அடுத்த வருடமே இன்னொரு கட்டுரை: அப்படிப்பட்ட வலைப்பின்னலில் கண்ணை மூடிக்கொண்டு புள்ளிகளை அழித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, பெரிய புள்ளிகளாகத் தேடித் தேடி அழித்தால் சீக்கிரம் சிதறிவிடும். இது அழகான முடிவு, பலகையிலேயே செய்து காட்டலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் விதி என்று சொல்லாதீர்கள். 2019 இல் புரொய்டோவும் கிளாசெட்டும் ஏறக்குறைய ஆயிரம் வலைப்பின்னல்களை எடுத்துச் சோதித்ததில், அந்தக் கணித வடிவத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியவை கொஞ்சம்தான். பெரிய புள்ளிகள் பல இடங்களில் உண்டு என்று சொல்வது சரி. எங்கும் ஒரே சூத்திரம் என்று சொன்னால் தவறு. படிவம் 4 பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைத் தாராளமாகச் சொல்லலாம், ஒரு கருத்து வந்து, புகழ் பெற்று, பிறகு சோதனைக்கு உள்ளாவதைப் பார்ப்பதே அவர்களுக்கு நல்லது.

மூளைக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, ஆனால் மனித மூளை இல்லை. சி எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர்ப் புழு. 302 நரம்பணுக்கள், அவற்றின் இணைப்பு வரைபடம் 1986 இல் வெளிவந்துவிட்டது. 1998 இல் வாட்ஸும் ஸ்ட்ரொகாட்ஸும் இந்தப் புழுவின் நரம்பு, அமெரிக்காவின் மேற்குப் பகுதி மின்கட்டமைப்பு, சினிமாவில் சேர்ந்து நடித்தவர்கள் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றிலும் அக்கம்பக்கம் நெருக்கமாகவும் தூரத்துக்குச் சில குறுக்குவழிகளாகவும் இருப்பதைக் காட்டினார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் புழுவின் முழு வரைபடம் கையில் இருந்து இத்தனை வருடம் ஆகியும் அது ஏன் இடப்பக்கம் திரும்புகிறது என்பதை முழுசாகச் சொல்ல முடியவில்லை. கோடு எங்கே போகிறது என்று தெரிந்தால் போதாது, அதில் எப்போது, எவ்வளவு பலமாக, என்ன போகிறது என்பதும் வேண்டும். குளுகோர் அக்கா வேர் விஷயத்தில் சொன்னதும் இதேதான்.

நீங்கள் கேட்ட ரயில்பாதை உயிரி நிஜம்தான். ஃபைசாரம், மஞ்சளாகப் படரும் ஒரு செல் உயிரி, பூஞ்சை மாதிரித் தெரியும், ஆனால் பூஞ்சை இல்லை. ஜப்பானில் தோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் இடங்களில் ஓட்ஸ் வைத்து அதைப் படரவிட்டார்கள். முதலில் எல்லாப் பக்கமும் பரவியது, பிறகு உணவு அதிகம் ஓடிய குழாய் தடித்தது, ஓடாதது சுருங்கி மறைந்தது. கடைசியில் மிஞ்சிய வலை செலவிலும், ஓர் இடம் அறுந்தால் தாங்கும் திறனிலும் உண்மையான ரயில்பாதைக்குப் பக்கத்தில் வந்தது. 2010 இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. திட்டம் போட ஆள் இல்லை, ஓடும் குழாய் தடிக்கும் என்ற ஒரே விதி. எனக்கு இந்தத் துறையில் மனம் போனதே இதைப் படித்துத்தான்.

எறும்புக் கதையைச் செந்தூல் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும், அது டிசிபி, அதாவது கம்ப்யூட்டர்கள் பேக்கெட் அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விதிமுறை, தெரியாமல் புரியாது.

---

செந்தூல் லைன்மேன் எழுதியது:

சொல்கிறேன். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இருந்த இணைப்பு, நானூறு கஜ தூரம்தான், விநாடிக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்துவிட்டது. கேபிள் அறுபடவில்லை, எந்தப் பெட்டியும் எரியவில்லை. நெரிசலில் பேக்கெட் தொலைந்தது, தொலைந்ததை எல்லாரும் மறுபடி அனுப்பினார்கள், அதனால் நெரிசல் கூடியது, இன்னும் தொலைந்தது. வான் ஜேக்கப்சன் 1988 இல் கொடுத்த தீர்வு இன்றும் நம் ஃபோன் வரை ஓடிக்கொண்டிருக்கிறது: கொஞ்சமாக அனுப்பு, கிடைத்தது என்று பதில் வந்தால் கூட்டு, பதில் வரவில்லை என்றால் சட்டென்று குறை. சாலையில் போலீஸ் இல்லை, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானாகவே தணிந்து போகிறது. உலகத்தில் இத்தனை கோடிப் பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்க முடிவதற்கு இந்தத் தணிவும் ஒரு முக்கியக் காரணம். இதைப் பற்றி வெளியே பேசுவோர் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

அமெரிக்கப் பாலைவனத்தில் விதை பொறுக்கும் எறும்புகளை டெபோரா கோர்டன் வருடக்கணக்காகப் பார்த்தவர். உணவோடு திரும்பி வரும் எறும்பு புற்றுவாயில் எத்தனை வேகத்தில் வருகிறதோ, அதைப் பொறுத்துத்தான் உள்ளே காத்திருக்கும் எறும்புகள் வெளியே போகின்றன. வெளியே விதை நிறைய இருந்தால் சீக்கிரம் திரும்பும், இன்னும் பேர் போவார்கள். விதை இல்லை என்றால் தாமதம், வெளியே போவதும் குறையும். ஸ்டான்ஃபோர்டில் கம்ப்யூட்டர் பக்கம் இருக்கும் பாலாஜி பிரபாகரோடு சேர்ந்து 2012 இல் இதை எழுதினார்கள், கணக்கு டிசிபிக்கு ரொம்பக் கிட்டே வருகிறது. ராணி எறும்பு உத்தரவு போடுவதில்லை.

வகுப்பில் இதை நடித்தே காட்டலாம். பாதிப் பிள்ளைகள் வரிசையில், மண்டபத்தின் மறுமுனையில் காகிதத் துண்டுகள். ஒருத்தர் துண்டோடு திரும்பினால்தான் அடுத்தவர் போகலாம். பிறகு துண்டுகளை ஒளித்து வையுங்கள், வரிசை தானாக மந்தமாகும். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லாமலே நடக்கும்.

நம் ஊரிலிருந்தே ஒரு தவறான நெட்வொர்க் நாளையும் சொல்லலாம், பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். 2015 ஜூன் 12 அன்று இங்குள்ள ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ரூட்டர்கள், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட முகவரித் தொகுதிகளுக்கு என் வழியாக வரலாம் என்று தவறுதலாக வெளியே அறிவித்துவிட்டன. மேலே இருந்த சர்வதேச நிறுவனம் அதை அப்படியே நம்பி ஏற்றுக்கொண்டது. உலகத்தின் பல மூலைகளில் இண்டர்நெட் தள்ளாடியது. நெட்வொர்க்குகள் வழிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் பிஜிபி என்ற அந்த முறை பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் சொல்வதை நம்பியே ஓடுகிறது, அதனால்தான் இவ்வளவு பெரிதாக வளர முடிந்தது, அதனால்தான் ஒரு தவறு இவ்வளவு தூரம் போகவும் முடிந்தது.

---

குளுகோர் வேர் எழுதியது:

எறும்பு என்றதும் ஒன்று: பாலைவன எறும்பைப் பார்க்க முடியாது, ஆனால் மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, இங்கே கெரெங்கா என்போமே, அது எந்தத் தாமானிலும் கிடைக்கும். ஒரே குடும்பம் பல கூடுகளில், சில சமயம் பல மரங்களில் இருக்கும். கூடுகளுக்கு நடுவே எறும்பு போகும் கிளைகளைப் பிள்ளைகள் படமாக வரையலாம். கடிக்கும், கிளையைத் தொடாமல் நின்று பார்க்கச் சொல்லுங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு படம் வரைந்தால் எந்தக் கோட்டில் போக்குவரத்து மாறுகிறது என்று தெரியும்.

அந்தப் பிள்ளையின் பூஞ்சைக் கேள்விக்கும் ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். ஐசோடோப்புச் சோதனையைப் பலகையில் வரைந்து, மண் வழியாகப் போனதா, பூஞ்சை வழியாகப் போனதா என்று எப்படிப் பிரிப்பாய் என்று அவளையே கேளுங்கள். நடுவில் வலைத்துணி வைப்பேன் என்றோ, பூஞ்சையை வெட்டிவிட்டுப் பார்ப்பேன் என்றோ சொன்னால், உண்மையான ஆய்வாளர்கள் செய்ததும் அதுதான் என்று சொல்லலாம்.

---

பாயான் கேபிள் எழுதியது:

அப்படியென்றால் வரிசை இப்படி வைத்துக்கொள்கிறேன்: முதல் வாரம் ரயில் வரைபடம், பிறகு டிரேசர்ட்டும் சென்னைக் கணக்கும், பிறகு எறும்பு நடிப்பு, அப்புறம் டுரியான், பூஞ்சை. சப்நெட்டை விரும்பிக் கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்லித் தருகிறேன். எல்லா வாரமும் ஒரு புள்ளியை அழித்தால் என்ன ஆகும், கோட்டில் என்ன ஓடுகிறது என்ற இரண்டு கேள்வியும் பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக இருக்கும்.

---

செந்தூல் லைன்மேன் எழுதியது:

நல்ல வரிசை தம்பி. டிரேசர்ட்டை வெள்ளிக்கிழமையே மண்டபத்து வைஃபையில் போட்டுச் சோதித்துவிடுங்கள். சில இடங்களில் பிங், டிரேசர்ட் இரண்டையும் அடைத்து வைத்திருப்பார்கள், அப்படியிருந்தால் உங்கள் ஃபோனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஆர்வத்தில் அடுத்தவர் நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யக் கிளம்பக்கூடும், அனுமதி இல்லாமல் நுழைவது இங்கே 1997 ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழைய சுவிட்சில் இரண்டு லேப்டாப்பையும் சேர்த்தால் என்ன வேண்டுமானாலும் சோதிக்கலாம், அது உங்கள் சொந்த நெட்வொர்க்.

எல்ஆர்டி வரைபடம் கைக்கு வரும்போது புதியதா என்று பாருங்கள், பழைய அச்சில் புத்ராஜெயா லைன் இருக்காது.